சதுப்பைப் பார்த்த மரங்கள்

முதல் வருடம் துப்பாக்கியைவிட நல்ல பூட்ஸ்தான் முக்கியம் என்று ஆர்வோ சொன்னான். சரியாகத்தான் சொன்னான். காகித ஆலையில் பதினொரு வருடம் என் பக்கத்து இயந்திரத்தில் நின்றவன் அவன். நாற்பத்தாறு வயதில் மான் வேட்டை பழகப்போகிறேன் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் காட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தான். ஆண்மான் கொம்பைத் தேய்த்த மரத்தில் பட்டை உரிந்திருக்கும். உரிந்த பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அங்கிருந்துதான் மான் வந்திருக்கிறது.

மினசோட்டாவின் வடக்கில் பனி உருகியதிலிருந்து சனிக்கிழமைதோறும் தனியாக நடந்தேன். பேச்சுத்துணை எனக்கு எப்போதும் தேவைப்பட்டதில்லை. மே மாதக் கடைசியில் அந்த மேட்டைக் கண்டுபிடித்தேன். வரிசையாகப் பதினான்கு மரங்கள் உரிந்திருந்தன. மேட்டுக்குக் கிழக்கே சதுப்பு. பார்வைக்குப் பாசித்தரை, அடியில் முழுக்கத் தண்ணீர். இடுப்புவரை உள்ளே போய், ஒரு வேரைப் பிடித்துத்தான் மேலே வந்தேன்.

மேட்டைப் பற்றி ஆர்வோவிடம் மட்டும் சொன்னேன். சதுப்பில் விழுந்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அக்டோபரில் போனபோது என் மேட்டில் ஒரு மரத்தில், மேலே உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்கும் அவனுடைய ஏணி இருக்கை கட்டியிருந்தது. மதுக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டேன்.

"காடு கவர்மென்டோடது மாப்ள. மரத்துல உன் பேரா எழுதிருக்கு?"

"நான்தானே உன்கிட்ட சொன்னேன்?"

"அதான் தப்பு. வேட்டைக்காரன் எவனாச்சும் எடத்தச் சொல்லுவானா? இத இப்பவாச்சும் கத்துக்கிட்டியே, அதுக்கு ஒரு பீர் வாங்கிக் குடு."

வாங்கிக் கொடுத்தேன். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஓர் அரத்தோடு போனேன். அவன் ஏணியிலிருந்து கிழக்கே ஒன்பது மரங்களில் பட்டையைத் தேய்த்து உரித்தேன். உரித்த பக்கமெல்லாம் சதுப்பைப் பார்த்திருந்தது. பழக்கமில்லாதவன் கண்ணில் அது பட்டிருக்காது. மரத்தைக் கீறுவது குற்றமா என்று போலீஸ்காரர் உங்களுக்குத்தான் தெரியும்.

சீசன் தொடங்கிய காலையில் மெல்லிய பனி விழுந்து சதுப்பை மூடியிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிவரை ஏணியில் காத்திருந்த ஆர்வோ, கீழே இறங்கி முதல் மரத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு இரண்டாவதை. அவனுடைய ஆரஞ்சு மேலங்கி மரங்களுக்கு நடுவே சிறிதாகிக்கொண்டே போனது. அந்த இடத்தை அவன் எடுத்துக்கொண்டானே தவிர, ஒருநாளும் நடந்து பார்க்கவில்லை.

காலியான ஏணியில் ஏறி உட்கார்ந்தேன்.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்று சதுப்புப் பக்கமிருந்து அவன் குரல் கேட்டது. வெகுநேரம் கழித்து, "வெண்டல், நீதானேடா? இந்த மரமெல்லாம் உன் வேலதான்னு தெரியும்டா. எடத்த நீயே வச்சுக்க. ஒரு கம்ப மட்டும் நீட்டு."

வேட்டையில் வாயைத் திறந்தால் மான் வராது. நான் அசையவில்லை.

மதியத்துக்கு முன்பே காடு அடங்கிவிட்டது. ஒரு மணிக்கு ஆண்மான் வந்தது. ஒரே குண்டு. இறைச்சியை அப்படியே போட்டுவைக்கக் கூடாது என்பதால், வீட்டில் உரித்துத் துண்டு போட்ட பிறகே உங்களுக்குப் போன் செய்தேன்.

ஒரு தொடையை அவன் மனைவி ஐலாவுக்கென்று காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். அது அவன் பங்கு. அவனைப் போல, கூட இருந்தவனை ஏமாற்ற எனக்கு மனம் வராது.