பொட்டு வைத்த கார்டு

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீலச் சுடிதார் போட்டிருந்தவர் சொன்னது காதில் விழுந்ததும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சதுதான்க்கா தப்பாயிடுச்சு."

"எல்லாரும் வெக்கிறதுதானே?" என்றார் பக்கத்திலிருந்த அக்கா.

"வெளியில வெச்சா பரவால்லக்கா. காலேஜ் படிக்கறப்போ அப்பா வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டரு. அதுல படம் காட்ற கிராபிக்ஸ் கார்டு கெட்டுப் பூடுச்சு. அலைஞ்சு திரிஞ்சு அதே மாதிரி ஒண்ணு புடிச்சாந்தேன். நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எங்க ஊட்டுக்காரரு அதுக்குப் பூஜை போட்டு, உள்ள சொருவுற பல்லுலயும் சந்தனத்தத் தடவிட்டாரு. அவசரத்துல நான் கவனிக்காம அப்டியே மாட்டிட்டேன்."

"அப்புறம்?"

"மூணு நாளா ஸ்கிரீன் கறுப்பாவே கீது. காயலான் கடையில போட்ருன்னு அவரே சொல்லிட்டாரு. மனசு கேக்காம கழட்டிப் பாத்தா, பல்லு பூரா சந்தனம் காஞ்சி கீது. அவரு கடைக்குப் போன நேரத்துல அழி ரப்பரால நல்லா தேச்சு மாட்டினேன். உடனே கலரா படம் வந்துச்சுக்கா."

"அவருகிட்ட சொன்னியா?"

"எங்க சொல்றது. பூஜை போட்டதாலதான் வந்துச்சுன்னு தெரு பூரா சொல்லிகினு கீறாரு."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "சரி, இப்போ எங்க கெளம்பிட்ட?"

"அதே கம்ப்யூட்டருக்கு சவுண்டு கார்டு வாங்கத்தான்க்கா. அவரு இப்பவே சந்தனம் கரைச்சு வெச்சிட்டாரு. அப்டியே ஒரு ரப்பரும் வாங்கணும்."