மானால் நின்ற கல்யாணம்

கீரனூரில் புதுக்கோட்டை பஸ் கிளம்பியதுமே, எனக்கு முன் சீட்டில் இருந்த விவசாயி பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியாரிடம் சொன்னார்:

“ஒங்க மானால எம் மச்சினன் சரியாச் சோறு திங்குறதில்ல சார்.”

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“எந்த மானுங்க?”

“மதராசுல மிருகக்காட்சி சாலைக்குப் புள்ளைகளக் கூட்டிட்டுப் போனீங்கள்ல? அங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?”

“எடம் கொஞ்சம், அதனால மான் கண்டபடி பெருக விடக்கூடாதுன்னேன். ஒரே குடும்பத்துக்குள்ள சேர விட்டா குட்டி நோஞ்சானாப் போயிரும், வேற ஊரு மானக் கொண்டாந்து விடணும்னேன். பாடந்தானே?”

“அதக் கேட்டுட்டு வந்து எம் மக தாய்மாமனக் கட்டிக்க மாட்டேங்குறா சார். பரிசம் போட்டாச்சு, பந்தலுக்கும் சொல்லியாச்சு. கட்டுனா வேற ஊருல பாருங்க, இல்லாட்டி காலேசுல சேத்து விடுங்கங்குறா.”

“நான் மானுக்குத்தானே சொன்னேன்!”

“அதையே வீட்டுக்கு வந்து அவகிட்டச் சொல்லுங்க. மனுசனுக்கு இது தப்பில்லன்னு ஒரு வார்த்த.”

வாத்தியார் கொஞ்ச நேரம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “சரிங்க, வாரேன். மனுசனுக்குத் தப்பில்லதான்.”

பெண்கள் சீட்டில் இருந்த வாத்தியாரின் மனைவி விவசாயி பக்கம் திரும்பினார்.

“அது படிக்கட்டும்ண்ணே. இவுகளும் எனக்குத் தாய்மாமன்தான். கல்யாணத்துக்கு முந்தி என்னைய யாரும் மான் பாக்கக் கூட்டிட்டுப் போகல.”