புத்தாவோவுக்கு ஒரு கோட்டு

இல்ல தம்பி, அந்த நீலம் வேணாம். எடுத்த எடத்துலயே மாட்டிடுங்க. ஜிப்பு சரியில்ல அதுல. பாக்க நல்லாத்தான் இருக்கும், பாதி தூரம் வந்து நின்னுக்கும், அப்புறம் மேலயும் போகாது கீழயும் வராது. குளிர்ல போயி அதோட மல்லுக்கட்ட முடியுமா? இந்தப் பச்சையப் பாருங்க. ஜப்பான் மூட்டையில வந்தது. எவனோ ஒரு புண்ணியவான் ஒரே ஒரு தடவ போட்டுட்டு வேணாம்னு குடுத்திருக்கான், மடிப்புகூடக் கலையல.

உக்காருங்க. அந்தப் பையக் கொஞ்சம் தள்ளிட்டு உக்காருங்க. மெதுவா, மெதுவா, உள்ள ஜாடி இருக்கு. பூண்டு வாசமா? அந்தப் பையிலேருந்துதான் வருது. கோட்டுல ஏறாது, பயப்படாதீங்க.

தமிழு புரியுதுல்ல? பேசத்தான் வரலயா? அது பரவால்ல. எங்க தின்கன்ஜூன் பேட்டையில ஒங்க வயசுப் புள்ளைங்க எல்லாமே அப்படித்தான், தமிழ்ல திட்டுனா பர்மால பதில் சொல்லுதுங்க. நீங்க பர்மாலயே சொல்லுங்க, இல்ல தலைய ஆட்டுங்க, நான் புரிஞ்சிக்கிறேன். பர்மாக்காரங்க மாதிரி மரியாதைக்கு டோ போட்டு, டோ மக்தலேனான்னு மட்டும் கூப்பிடாதீங்க. டோ போட்டா ஏதோ ரிட்டையரான ஹெட்மாஸ்டரம்மா மாதிரி இருக்கு. அக்கான்னு சொல்லுங்க.

ஒங்க பேரு? உதயசூரியனா? யாரு வச்சது, அப்பாவா? நல்லா வச்சாரு போங்க. பேரு உதயசூரியன், போற ஊரு புத்தாவோ. பர்மா மேப்புல மேல, அதுக்கும் மேல, இமயமலை காலு நீட்டிப் படுத்திருக்குல்ல, அந்தக் கால் விரலுக்கு நடுவுல இருக்குற ஊரு அது. இங்க யாங்கோன்ல ஃபேன் போட்டாலும் வேர்க்குது. அங்க இந்த மாசத்துல பேசுனா வாயிலேருந்து புகை வரும்.

எப்ப ப்ளேனு? நாளைக்கா? காலையிலயா?

இல்ல, சும்மா கேட்டேன். கைய நீட்டுங்க, தோள்பட்டை பாக்கலாம்.

ஆங், போறதா வேணாமான்னே இன்னும் யோசனையா? அதான பாத்தேன், கோட்டு வாங்க வந்த மூஞ்சி மாதிரி இல்லையேன்னு. யாரு பயமுறுத்துனது? ஹஸ்ஸானா? ஒங்க ஆபீஸ்ல கூட வேல பாக்குறவரா. போன வருஷம் அவரு போயிட்டு வந்தாரா? வந்து என்னா சொன்னாரு, ப்ளேனு ஆடும், குளிரு எலும்பக் கடிக்கும், திங்க ஒண்ணும் கெடைக்காது, அதான? காச்சல்னு சொல்லி லீவு போட்டா அவரையே திரும்ப அனுப்பிடுவாங்கன்னு நெனைக்கிறீங்க. தம்பி, அந்த ஹஸ்ஸான் இங்கதான் கோட்டு வாங்குனாரு. நான் தடிச்சதா ஒண்ணு குடுத்தேன், எனக்கு வேணாம்னு மெல்லிசா ஸ்டைலா ஒண்ண எடுத்துட்டுப் போனாரு. குளிரு கடிக்காம கொஞ்சுமா?

நான் சொல்றேன் கேளுங்க. ப்ளேனு மண்டலேல எறங்கும், மிச்சீனாவுல எறங்கும், அப்புறம் மலை மலையாத் தாண்டிப் போவும். திடீர்னு கீழ பாத்தா மலையெல்லாம் ஒதுங்கி நின்னுக்கும், நடுவுல கிண்ணத்துல வச்ச மாதிரி ஊரு. பூரா வயலு. நாலு பக்கமும் மலை, அதுக்குப் பின்னால வெள்ளையா பனி மலை. காலையில அந்தக் கிண்ணம் நெறைய மூடுபனி நிக்கும். வெயிலு வந்து அது கலைஞ்சாத்தான் ப்ளேன எறக்குவாங்க. கலையலன்னா மிச்சீனாவுலயே உக்காந்திருக்க வேண்டியதுதான். அதான் சொல்றேன், ஒங்க பேரு உள்ள ஆளு ஏறுனா அந்த ப்ளேனுக்கே நல்லது.

ஆறு இருக்கு. பேரு மலிக்கா. மல்லிகா இல்ல தம்பி, மலிக்கா. எனக்கும் மொதல்ல எங்க நாத்தனார் ஞாபகம்தான் வந்திச்சி. ஆனா இந்த மலிக்கா குணமானவ. அடியில கெடக்குற கூழாங்கல்ல கரையில நின்னே எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அதுதான் இன்னொரு ஆத்தோட சேந்து ஐராவதியா கீழ வருது, வர்ற வழியில டீத்தண்ணி நெறமாயிடுது. ஊரச் சுத்தி ஓடைக்கு ஓடை தொங்கு பாலம். மூங்கிலும் கம்பியும் போட்டுக் கட்டியிருப்பாங்க. அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கீழ பாக்கக் கூடாது, எதுக்க வர்றவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே நடக்கணும். ஓடவும் கூடாது. ஓடுனா பாலமும் கூடவே குதிக்கும்.

விடிஞ்சா சந்தை. முதுகுல கூடை, கூடையோட பட்டைய நெத்தியில மாட்டிக்கிட்டு வருவாங்க, ரெண்டு கையும் சும்மாதான் இருக்கும், அதுல நூலு பின்னிக்கிட்டே நடப்பாங்க. ஆரஞ்சு, பம்பளிமாசு, ஆத்து மீனு, இஞ்சி. திங்க ஒண்ணும் கெடைக்கலன்னு ஹஸ்ஸான் எந்த வாயால சொன்னாருன்னு தெரியல. வீடெல்லாம் கால் மேல நிக்கும், நடுவுல அடுப்பு எரிஞ்சிக்கிட்டே இருக்கும், போறவங்க வர்றவங்க எல்லாரும் அதச் சுத்தித்தான் உக்காருவாங்க. ஞாயித்துக்கெழம ஆனா எந்தத் தெருவுல நின்னாலும் பாட்டுச் சத்தம். கோயில்ல கிடாரு வச்சி, ஆம்பளைங்க ஒரு கொரல்ல பொம்பளைங்க ஒரு கொரல்ல எழுந்து பாடுனா உடம்பு சிலிர்க்குமாம்.

நானா? போயிருக்கேனாவா? கடையப் போட்டுட்டு நான் எங்க தம்பி போறது. கழுத்தத் தூக்குங்க, காலரு பாக்கணும்.

எப்படித் தெரியுமா? வடக்க போறவங்க வர்றவங்க எல்லாம் இந்தக் கடையிலதான் கோட்டு வாங்குறாங்க. வாங்கிட்டுப் போறப்ப திரும்பி வந்து சொல்லிட்டுப் போங்கன்னு கேட்டுக்குவேன். பாதிப் பேரு வந்து சொல்லுவாங்க. மீதிய எம் மக சொல்லுவா. ஆமா, எம் மக ஜெசி அங்கதான் இருக்கா. நர்ஸு. கிளினிக்கு வேலைக்குன்னு போனா, அங்கயே கல்யாணமும் முடிஞ்சிபோச்சி. அது பெரிய கதை. சிரிக்க மாட்டேன்னா சொல்றேன்.

ஒரு நாளு போன் பண்றா. அங்க போன் லைனு எப்படின்னு நீங்க போயிப் பாக்கத்தான போறீங்க, டவரு போடற ஆளு நீங்க. அர வார்த்த வரும், அர வார்த்த காத்துல போயிடும். அம்மா, நான் ஒருத்தரக் கட்டிக்கலாம்னு இருக்கேன், நல்லவரு, ஆனா மொதல்லயே சொல்லிடறேன், அவரு லிசுங்கறா. அவ சொன்னது லிசு. அங்க இருக்குற மலை ஜனங்க தம்பி, லிசு, ராவாங், இப்படிப் பல ஜாதி சனம். எனக்குக் காதுல விழுந்தது லூசு.

அவரு லூசும்மான்னு பெத்த மக சொன்னா எப்படி இருக்கும்? தெரிஞ்சேவாடி கட்டிக்கிறேன்னு கேட்டேன். தெரிஞ்சிதாம்மா, அதுல என்னா இருக்குங்கறா. அவங்க அப்பா அம்மான்னு கேட்டேன். அவங்களும்தாங்கறா. குடும்பமேவான்னேன். குடும்பம் என்னா, அந்தக் கிராமமே அப்படித்தான், எல்லாரும் தங்கமான மனுஷங்கங்கறா. நாளைக்கிப் பொறக்குற கொழந்தைக்கும் வருமாடின்னு மெதுவாக் கேட்டேன். அப்பன் எதுவோ புள்ளையும் அதுதானம்மான்னு சொல்லிட்டு லைனு கட்டாயிடுச்சி.

சிரிக்க மாட்டேன்னு சொன்னீங்க. சரி, சிரிங்க.

அழுதுக்கிட்டே நேரா கோயிலுக்குப் போனேன். எங்க உபதேசியாரு பர்னபாஸு, நல்ல மனுஷன், ஆனா எதையும் மைக்குலதான் சொல்லுவாரு. ஞாயித்துக்கெழம பூசையில, நம்ம மக்தலேனா அம்மாவோட வருங்கால மருமகனுக்கும் அவரு குடும்பத்துக்கும் கிராமத்துக்கும் புத்தி தெளியணும்னு ஜெபிப்போம்னு சொல்லிட்டாரு. கோயிலே முட்டி போட்டுச்சி. கிராமத்துக்கேவான்னு பக்கத்து வரிசையில ரெபேக்கா என்னைக் கேட்டா. பரம்பரையாம்மான்னேன்.

அப்புறம் ஜெசிக்கு விஷயம் தெரிஞ்சி, ஒரு வாரம் போன எடுத்தா சிரிக்கிறா, வெக்கிறா. மாப்ள பேரு தாமஸு. கோச்சிக்கிட்டா என்னா பண்றதுன்னு நான் நடுங்கிக்கிட்டு இருக்கேன், அவரு லைன்ல வந்து, அத்தை, லூசு பேசறேங்கறாரு. அவருக்குத் தெரிஞ்ச தமிழு இன்னிக்கும் அந்த ஒரு வரிதான். சம்பந்தியம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. யாங்கோன்ல ஒரு கோயிலே முட்டி போட்டு நம்ம கிராமத்துக்காக வேண்டிக்கிச்சின்னு மட்டும் காதுல விழுந்திருக்கு. வருஷா வருஷம் கூடை கூடையா ஆரஞ்சு அனுப்புறாங்க. எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது.

கல்யாணத்துக்கா? போகல தம்பி. ரோட்டுல போனா சேறு, லாரி மாட்டிக்கும்னாங்க. ப்ளேன்ல... எனக்கு எங்க வீட்டு மாடியிலேருந்து கீழ பாத்தாலே கண்ணக் கட்டும். அப்புறமா அவங்கதான் இங்க வந்து மறுபடி மாலை மாத்திக்கிட்டுப் போனாங்க.

அதுக்கப்புறம்தான் இந்தக் கோட்டுக் கடை. முன்னாடி ரவிக்கைத் துணி வித்துக்கிட்டு இருந்தேன், நல்லாத்தான் ஓடுச்சி. இந்த வேகாத வெயில்ல கம்பளிச் சட்ட விக்கிறாளே, லூசு மருமகன் இல்ல, மாமியாதான்னு பஜாரே சிரிச்சிச்சி. சிரிக்கட்டும். ரவிக்கைத் துணி வாங்குறவ புத்தாவோவுக்குப் போவாளா? கோட்டு வாங்குறவங்கதான போவாங்க. எம் மக இருக்குற ஊருக்குப் போற மனுஷங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டாவது இருக்கலாமேன்னுதான்.

அவ இப்ப முழுகாம இருக்கா. மாசம் நெருங்கிடுச்சி. நம்மள்ல மொத பிரசவம் தாய் வீட்லதான, ஏழாம் மாசம் சோறு கட்டிக்கிட்டுப் போயிக் கூட்டியாறணும். நான் போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன், இப்பப் பாத்தா இந்த வயித்தோட ப்ளேன்ல ஏத்த மாட்டோம்னுட்டாங்க. நீ கவலப்படாத, இங்க அத்தை பாத்துக்குவாங்கன்னு சொல்றா. நல்லாப் பாத்துக்குவாங்கதான். ஆனா போன வைக்கிறப்ப, அம்மா, பூண்டுக் கொழம்பு எப்படிம்மா வைக்கிறதுன்னு கேட்டா.

என்னா, மறுபடியும் நீலத்துக்கே கை போவுது? ஜிப்பு நல்லா ஓடுதா? நேத்து ஓடல. சரி, நேத்தும் ஓடுச்சி. அது பொம்பள கோட்டு தம்பி, ஜிப்புக்கு மேல பட்டன் பாருங்க, எடது பக்கம் இருக்கு. ஒங்களுக்குக் கையும் எட்டாது. ஒரு ஆளுக்குன்னு எடுத்து வச்சது.

யாருக்குன்னா, எனக்குத்தான்.

அந்தப் பையில பூண்டு, சுக்கு, ஓமம், புளி. ஜாடியில பிரசவ லேகியம், நானே கிண்டுனது. அவ தாய் வீட்டுக்கு வர முடியல, அதான் தாய் வீட்ட மூட்ட கட்டி வச்சிருக்கேன். எனக்கும் நாளைக்குத்தான் ப்ளேனு, காலையில. மாப்ள டிக்கெட்டு போட்டு அனுப்பிட்டாரு. காலையிலேருந்து மூணு தடவ கேன்சல் பண்ணச் சொல்லி போன எடுத்துட்டேன், மூணு தடவையும் கீழ வச்சிட்டேன். அப்பதான் நீங்க உள்ள வர்றீங்க, உதயசூரியன்னு பேரச் சொல்றீங்க. நேரா கேக்கவும், நீங்க பர்மால சொல்லுவீங்களே, அந்த ஆனாதேயா இருந்திச்சி. முன்ன பின்ன தெரியாத புள்ளைக்கு எதுக்கு நம்மளால செரமம்னு மனசு கூசுதுல்ல.

அதனால அந்த ஹஸ்ஸான அனுப்பாதீங்க. அவரு பக்கத்துல உக்காந்தா நான் மண்டலேலயே எறங்கிடுவேன். நீங்க பச்சைய எடுத்துக்குங்க, அக்கா குடுத்ததா இருக்கட்டும். ஜன்னல் சீட்டையும் நீங்களே எடுத்துக்குங்க, கீழ என்னா தெரியுதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க. ஆடுனா ஒங்க சட்டைக் கையப் புடிச்சிக்குவேன், தப்பா நெனைக்கக் கூடாது. பயம் வந்தா எனக்கு வாய் மூடாது தம்பி, இப்பவே பாத்தீங்கள்ல. நீங்க ஒண்ணும் பேச வேணாம். இதே மாதிரி தலைய ஆட்டிக்கிட்டு, புத்தாவோ வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டு வந்தா போதும்.