ஒன்பதாம் பக்கத்துக்குப் போகவும்

புள்ளி: அக்கா, அந்தக் கதவை முறைச்சுப் பாத்தா அது திறந்துடாது.

அக்கா: நான் எங்க கதவைப் பாத்தேன்? கடிகாரத்தைப் பாக்குறேன்.

புள்ளி: கடிகாரம் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு.

அக்கா: ...வாயை மூடிட்டு உக்காரேன். நம்ம இயக்குநர் மேடம் உள்ள போயி எவ்ளோ நேரமாச்சு?

புள்ளி: நாற்பத்தி ரெண்டு நிமிஷம்.

அக்கா: பாரு, ஊர்ல நாலு பேர் 'முக்கால் மணி நேரம்'னு சொல்லுவாங்க. இவனுக்கு நாற்பத்தி ரெண்டு! உனக்குப் புள்ளின்னு பேர் வெச்சவங்க வாயில சர்க்கரையைப் போடணும்.

புள்ளி: வெச்சதே நீங்கதான்.

அக்கா: அப்போ எனக்கே போடு. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூட பல்லுல படல.

புள்ளி: இந்தாங்க, பிஸ்கட். பயமா இருக்காக்கா?

அக்கா: எனக்கென்ன பயம்? உள்ள அரசாங்கக் குழுவுல பதினஞ்சு உறுப்பினருங்க. எட்டு கை மேல போனாப் போதும், படுத்த படுக்கையா கிடக்கிறவங்களை வீட்டுல வெச்சுப் பாத்துக்கிற ஜனங்களுக்கு மாசாமாசம் உதவித்தொகை வரும். போகலைன்னா...

புள்ளி: போகலைன்னா?

அக்கா: நம்ம ரிப்போர்ட்டு கடலை மடிக்கப் போகும். எனக்கு வேலை போகும். அவ்ளோதானே!

புள்ளி: சும்மா சொல்லாதீங்க. மேடம் உங்களை விட மாட்டாங்க.

அக்கா: மேடம் விட மாட்டாங்க. கத்திரி விடணுமே? நிதித்துறையில உக்காந்துக்கிட்டு எந்தக் காகிதம் வந்தாலும் வெட்டுறதுக்குன்னே பொறந்த மனுஷன். லெட்டர்ல என்ன எழுதியிருக்கான் தெரியுமில்ல?

புள்ளி: தெரியும், வேணாம்.

அக்கா: 'களப்பணிப் பொறுப்பாளர் தன் இஷ்டத்துக்குப் படிவத்தை மீறியுள்ளார். அவரை நீக்காதவரை அந்த ஆய்வு நிறுவனத்தின் எந்த எண்ணையும் நம்ப இயலாது.' இஷ்டத்துக்காம்! வெயில்ல வீடு வீடா ஏறி இறங்கறது எனக்கு இஷ்டம் பாரு.

புள்ளி: அது நான் பண்ணின தப்புக்கா. உங்க மேல விழுது.

அக்கா: ஆமா, நீ போட்ட அம்புக்குறிதானே. எங்க, சொல்லு பாப்போம். நாலாம் பக்கம், கடைசிக் கேள்வி.

புள்ளி: இப்ப எதுக்கு...

அக்கா: சொல்லுடாங்கிறேன். நேரம் போகணுமில்ல.

புள்ளி: 'நீங்கள் வேலை பார்க்கிறீர்களா?' ஆம்னா அடுத்த பக்கம். இல்லைன்னா... 'ஒன்பதாம் பக்கத்துக்குப் போகவும்'.

அக்கா: நடுவுல அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் என்ன இருந்துச்சு?

புள்ளி: வீட்டுல யாரையாவது பாத்துக்கிறீங்களா... ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்...

அக்கா: கேட்டுக்கோ! மாமியாரைத் தூக்கி உக்கார வெச்சு, வாயில கஞ்சியை ஊத்திக்கிட்டே, 'வேலையாம்மா? சும்மாதான் இருக்கேன்'னு ஒருத்தி சொல்றா. உடனே கணக்கெடுக்கப் போன நம்ம பொண்ணு நாலு பக்கத்தைப் புரட்டிட்டு, 'உங்க வீட்டுல ஃபேன் இருக்கா'ன்னு கேக்குறா. யாரைத் தேடிப் போனோமோ அவளையே தாண்டிக் குதிச்சுப் போயாச்சு!

புள்ளி: ஏசி ரூம்ல உக்காந்து எழுதினேன். வேலை இல்லாதவங்களை எதுக்கு இன்னும் நாலு பக்கம் உக்கார வெச்சுத் தொந்தரவு பண்றதுன்னு... நல்லதுதான் பண்றேன்னு நெனச்சேன்.

அக்கா: நீ மட்டுமா? ஆபீஸ்ல ஆறு டாக்டர் பட்டம் அந்தப் படிவத்தைப் பாத்துச்சு. ஒண்ணுக்கும் உறைக்கல.

புள்ளி: மூணாவது நாள் சாயங்காலம் உங்களுக்கு உறைச்சுது. போன்ல என்ன கத்து கத்தினீங்க!

அக்கா: கத்தாம? 'ஒம்பதாம் பக்கமும் வேணாம் ஒண்ணும் வேணாம், எல்லார்கிட்டயும் கேளுங்கடி, முதல் ரெண்டு நாள் போன வீட்டுக்கும் திரும்பப் போங்க, படிவத்தோட ஓரத்துல எழுதிட்டு வாங்க'ன்னேன் பொண்ணுங்ககிட்ட. நீ என்ன சொன்னே?

புள்ளி: படிவத்துல இல்லாததை எழுதினா நான் எடுத்துக்க மாட்டேன்னு...

அக்கா: என்ன கொம்பு முளைச்சிருந்துச்சு உனக்கு!

புள்ளி: அதுக்காக ரெண்டு மாசம் என்கூட பேசாமலா இருப்பீங்க?

அக்கா: யாரு சொன்னா? பேசினேனே. 'தள்ளு, பிரிண்டர் வேணும்'னு.

புள்ளி: அதையும் பிரிண்டரைப் பாத்துத்தான் சொன்னீங்க.

அக்கா: சரி விடு. கடைசியில ஆயிரத்து நூத்தி நாற்பது படிவத்தோட ஓரத்தையும் ஒத்தை ஆளா படிச்சு ஏத்தினது நீதானே? அந்தப் பொண்ணுங்க கையெழுத்தைப் படிச்சதுக்கே உனக்குத் தனியா உதவித்தொகை தரணும்.

புள்ளி: அதுமட்டுமா? எழுதினது நிஜமான்னு பாக்க இருபது வீட்டுக்கு ஒரு வீடுன்னு சீட்டு குலுக்கி எடுத்து, ஞாயித்துக்கிழமையெல்லாம் பஸ் ஏறினேன்.

அக்கா: ம்... எங்கெங்க போனே?

புள்ளி: அட்ரஸ் வெளியில சொல்லக் கூடாதுக்கா. நீங்க கத்துக்குடுத்த விதி.

அக்கா: பொதுவாத்தான் கேட்டேன்.

புள்ளி: நானும் பொதுவாத்தான் சொல்றேன்.

அக்கா: சரி சரி, இன்னொரு பிஸ்கட் குடு.

புள்ளி: இந்தாங்க. அண்ணனுக்கு ஒரு மெசேஜ் போடுங்களேன். மனசுக்குத் தெம்பா இருக்கும்.

அக்கா: கப்பல்காரரைக் கட்டிக்கிட்டவளுக்கு ஏது மெசேஜு? நடுக்கடல்ல எங்கேர்ந்து டவர் கிடைக்கும்?

புள்ளி: ஆமால்ல... கப்பல் இப்ப எந்தப் பக்கம்?

அக்கா: கிழக்கால.

புள்ளி: போன மாசம் மேற்குன்னீங்க?

அக்கா: கப்பல்னா திரும்பாதா? மாடா அது, கட்டின இடத்துல நிக்க? பேச வந்துட்டான்... ஏய், கதவு திறக்குது!

இயக்குநர்: இங்கதான் இருக்கீங்களா ரெண்டு பேரும்? உக்காருங்க, உக்காருங்க, ஓட்டு இன்னும் எடுக்கல. பத்து நிமிஷம் இடைவேளை.

அக்கா: என்ன மேடம், முகமே சரியில்லையே?

இயக்குநர்: உங்க கத்திரி ஒரே பிடியா பிடிச்சுக்கிட்டான். 'ரெண்டு நாள் ஒழுங்கா போன சர்வே மூணாவது நாள் எப்படி மாறுச்சு? அந்தம்மாவுக்கு யார் சொன்னது? அவங்க வேணும்கிற பதில் வரணும்னுதானே கேள்வியை மாத்தினாங்க?'ன்னு. நாலஞ்சு பேர் அவன் பக்கம் தலையாட்டுறாங்க. அக்கா, நீங்க அன்னைக்கு ஒரு வீடுன்னு சொன்னீங்க. எந்த வீடு?

அக்கா: அது... சாயங்காலம் படிவத்தையெல்லாம் சரிபாத்துக்கிட்டிருந்தேன்... ஒரு வீட்டுல...

இயக்குநர்: அதான், எந்த வீடு? யாரு? ஏதாவது ஒண்ணு கையில கொடுங்க. உள்ள போயி நான் வாயில விரலை வெச்சுக்கிட்டா நிக்கிறது?

அக்கா: மேடம், வந்து...

புள்ளி: அட்ரஸ் சொல்ல முடியாது மேடம். ரகசியம் காப்போம்னு வாக்குக் கொடுத்துட்டுத்தான் படியேறினோம். குழு கேட்டாலும் முடியாது.

இயக்குநர்: அப்புறம் நான் என்னதான் சொல்றது?

புள்ளி: என்னை உள்ள கூட்டிட்டுப் போங்க. அம்புக்குறி போட்டவன் நான். நானே சொல்றேன்.

இயக்குநர்: நீயா? நாலு பேர் முன்னாடி நின்னா உனக்கு நாக்கு ஒட்டிக்குமேய்யா. ஆபீஸ் மீட்டிங்ல வணக்கம் சொல்லவே வேர்த்துக் கொட்டும்.

புள்ளி: வேர்க்கட்டும் மேடம். வேர்த்துக்கிட்டே சொல்றேன்.

அக்கா: டேய், வேணாம். தப்பு என்னுதுன்னு நீ போய் நின்னா, நாளைக்கு உன்னை எவன் மதிப்பான்? உன் பேரு என்னாகும்?

புள்ளி: பேரு நீங்க வெச்சதுதானே. போனா இன்னொண்ணு வைங்க.

* * *

அக்கா: வந்துட்டியா! என்னாச்சு? என்னடா சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு?

புள்ளி: தண்ணி... முதல்ல தண்ணி குடுங்க.

அக்கா: குடி, குடி. மெதுவா... குடிச்சியா? சொல்லித் தொலை!

புள்ளி: ஓட்டெடுக்குறாங்க. என்னை வெளியில அனுப்பிட்டாங்க.

அக்கா: அதுக்கு முன்னாடி?

புள்ளி: கத்திரி கேட்டான், 'படிவத்துல இல்லாததை எழுதினது தப்புதானே?'ன்னு. 'தப்பு படிவத்துலதான் சார் இருந்துச்சு, அந்தப் படிவத்தைப் போட்டவன் நான்தான்'னேன்.

அக்கா: அப்படியேவா சொன்னே?

புள்ளி: அப்படியே. குழுத் தலைவரம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு என்னையே பாக்குறாங்க. 'உன் படிவப்படி மட்டும் போயிருந்தா, வீட்டுல ஆளைப் பாத்துக்கிறவங்க எத்தனை பேர்?'னு கேட்டாங்க. முப்பத்தொண்ணுன்னேன். 'ஓரத்துல எழுதினதையும் சேத்தா?' நானூத்திப் பன்னெண்டு.

அக்கா: அதுக்குக் கத்திரி சும்மா இருந்தானா?

புள்ளி: எங்க? 'முன்னூத்தி எண்பத்தோரு பேரை ஓரத்துலேர்ந்து உண்டாக்கிட்டீங்களா?'ன்னான். எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ தெரியலக்கா... 'உண்டாக்கல சார். நான் அவங்களை இல்லாம ஆக்கியிருந்தேன். எங்க அக்காவும் அந்தப் பொண்ணுங்களும் திரும்ப எழுதிக் கொண்டுவந்தாங்க'ன்னேன்.

அக்கா: ...என் ராசா.

புள்ளி: அழாதீங்க, இன்னும் முடியல. ஐம்பத்தேழு வீட்டுக்கு நானே போயி சரிபாத்தேன்னு சொன்னேன். ஒரு வீட்டுலகூட பொய் இல்ல. ஒரே வித்தியாசம், எல்லாரும் மணி நேரத்தைக் குறைச்சுத்தான் சொல்லியிருந்தாங்க.

அக்கா: குறைச்சுத்தான் சொல்லுவாங்க. எவ கணக்குப் பாத்துக்கிட்டுப் பீ அள்ளுவா?

புள்ளி: கேளுங்க, இனிமேதான் கூத்தே. தலைவரம்மா கத்திரிப் பக்கம் திரும்பினாங்க. 'உங்க அப்பா படுத்துட்டாருன்னு கேள்விப்பட்டேன், யாரு பாத்துக்கிறாங்க?'ன்னாங்க. அவன் டக்குனு, 'வீட்டுல பாத்துக்கிறாங்க'ன்னான்.

அக்கா: ம்?

புள்ளி: 'வீடுன்னா? செவுரா பாத்துக்குது?'ன்னாங்க!

அக்கா: அய்யய்யோ!

புள்ளி: ரூமே கொல்லுனு சிரிச்சுது. கத்திரி மட்டும் சிரிக்கல. அப்புறம் மெதுவா, 'என் தங்கச்சி'ன்னான். 'வேலையை விட்டுட்டு வந்து பாத்துக்கிறா'ன்னான்.

அக்கா: பாவம்டா.

புள்ளி: இப்ப பாவமா ஆயிட்டானா? காலையில...

அக்கா: காலையில பேசினது காலையோட போச்சு. யாரு தட்டுறா? ஏய், உள்ள மேஜையைத் தட்டுறாங்க! கைதட்டுறாங்களா, மேஜையைத் தட்டுறாங்களா?

புள்ளி: ரெண்டும்தான்... அக்கா, என் கையை விடுங்க, நசுங்குது...

இயக்குநர்: பதிமூணு! பதினஞ்சுல பதிமூணு!

அக்கா: மேடம்!

இயக்குநர்: எட்டு கேட்டோம், பதிமூணு கை போச்சு! அக்கா, கட்டிப்பிடிக்கிறதுன்னா மெதுவா பிடிங்க, மூச்சு முட்டுது. யோவ் புள்ளி, வாய்யா இங்க! வேர்த்துக்கிட்டே ஜெயிச்சுட்டியேய்யா!

புள்ளி: பதிமூணுன்னா எண்பத்தாறு புள்ளி ஆறு...

அக்கா: சதவீதத்தைத் தூக்கிக் குப்பையில போடு! இன்னொரு தடவை சொல்லுங்க மேடம், காது குளிரக் கேக்கணும்.

இயக்குநர்: பதிமூணு. கத்திரி அவன் லெட்டரை அவனே எழுந்து வந்து திரும்ப வாங்கிக்கிட்டான். உங்க வேலை பத்திரம். பத்திரம் என்ன, இன்னும் ஏறிடுச்சு. இனிமே அரசாங்கம் எடுக்கிற கணக்கெடுப்புலயும் அந்தக் கேள்வியை எல்லார்கிட்டயும் கேக்கணுமாம். 'படிவத்தை உங்க களப்பணி அம்மாவே போட்டுத் தரட்டும்'னு தலைவரம்மா சொல்லிட்டாங்க.

புள்ளி: அம்புக்குறி வேணும்னா நான் போட்டுத் தரேன்க்கா.

அக்கா: அம்பு பக்கம் கையைக் கொண்டுபோனே, கையை ஒடிச்சுடுவேன்.

இயக்குநர்: சிரிச்சது போதும், கீழ பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க. நம்ம மூஞ்சியெல்லாம் வேணாமாம். நிஜமா வீட்டுல ஒருத்தரைப் பாத்துக்கிறவங்க யாராவது வந்து பேசணுமாம். ரகசியம்னு நீங்க சொல்றதும் சரிதான், நாம போய்க் கேட்டா நல்லா இருக்காது. தானா வரேன்னு யாராவது சொன்னா...

புள்ளி: கஷ்டம் மேடம். இவ்ளோ சீக்கிரம் யாரு வருவா?

அக்கா: வருவாரு.

இயக்குநர்: யாரு?

அக்கா: எங்க வீட்டுக்காரர்.

இயக்குநர்: உங்க வீட்டுக்காரரா? அவர் கப்பல்ல...

அக்கா: கப்பலை விட்டு இறங்கி ஆறு வருஷமாச்சு மேடம். எங்கம்மா படுக்கையில விழுந்த அன்னைக்கே வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. தூக்கறது, தொடைக்கிறது, ஊட்டறது எல்லாம் அவர்தான். 'வீட்டோட மாப்பிள்ளை'ன்னு நாலு பேர் சிரிச்சுடுவாங்களோன்னு நான்தான் வெக்கப்பட்டுக்கிட்டு இத்தனை வருஷமா அவரைக் கடல்லயே மிதக்க விட்டிருந்தேன். மூணாவது நாள் நம்ம புதுப் பொண்ணு யார் வீடுன்னு தெரியாம வந்து கதவைத் தட்டியிருக்கா. 'வேலையாம்மா? சும்மாதான் இருக்கேன்'னு சொல்லியிருக்காரு மனுஷன். அந்தப் படிவம் சாயங்காலம் என் கைக்கு வந்துச்சு. நீங்க கேட்ட வீடு அதான் மேடம், எங்க வீடுதான். பயப்படாதீங்க, ஆபீஸ் ஆளு வீடுன்னு அந்த ஒரு படிவத்தை இவன் கணக்குலேர்ந்து எப்பவோ உருவிட்டான். இவன் போனது ஐம்பத்தேழு வீடு இல்ல, ஐம்பத்தெட்டு. ...என்னடா முழிக்கிறே? எங்க வீட்டுல உக்காந்து டீயைக் குடிச்சுட்டு, எங்கம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஒரு கை கொடுத்துட்டு, 'நான் வந்தது அக்காவுக்குத் தெரியவே கூடாது அண்ணே'ன்னு சத்தியம் வாங்கிட்டு வந்தியே... நீ பஸ் ஏறுறதுக்குள்ள எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாருடா!