ஸ்டீனா கரையேறிய பக்கம்

ஹெட்விக்: என்னடி மேர்த்தா இது? ஸ்டீனா எப்படி வீட்டுக்கு வந்தா?

மேர்த்தா: நடந்துதான் வந்தா. கடைசிப் பக்கத்துல இருக்கே, ஒழுங்கா படி.

ஹெட்விக்: அவ ஏரியில முங்கிச் செத்துட்டாடி! புத்தகத்தை எழுதினவ நானா நீயா?

மேர்த்தா: நீ எழுதினது சுருக்கெழுத்து. கோழிக் கிறுக்கல். ஸ்வீடன்லயே அதைப் படிக்கிறவ நான் ஒருத்திதான்...

ஹெட்விக்: பேச்சை மாத்தாதே! ஏரி மேல பனி உடைஞ்சுது, உள்ள போயிட்டா, திரும்பி வரல. மூணே வரி. நீ மூணு பக்கம் டைப் அடிச்சிருக்கே!

மேர்த்தா: எழுத்து கொஞ்சம் நெருக்கமா இருந்துச்சு...

ஹெட்விக்: கழுத்துல பனிக்குத்தி எங்கேருந்து வந்துச்சு?

மேர்த்தா: அது இல்லாம உறைஞ்ச ஏரிக்கு யாராவது பிள்ளையை அனுப்புவாங்களா? நீ எழுத மறந்துட்டே, நான் மாட்டிவிட்டேன். கழுத்துக் கயித்துல தொங்குற ரெண்டு பிடி ஆணியையும் பனியில குத்திக் குத்தி, ஊர்ந்து மேல வந்துட்டா. சமத்து.

ஹெட்விக்: நான் மறக்கலடி! வீட்டிலேயே விட்டுட்டு ஓடிட்டா. அதான் கதையே!

மேர்த்தா: காப்பி ஆறுது.

ஹெட்விக்: ஆறட்டும்! நாலு மணிக்கு அச்சகத்து ஆள் வந்துடுவான். இதைக் கிழிச்சுப் போட்டுட்டு என் மூணு வரியை அடி.

மேர்த்தா: மாட்டேன். உன் புத்தகத்தைத் தலைமாட்டுல வச்சுத் தூங்குற பிள்ளைங்களுக்கு அந்தச் சாவையா குடுப்பே?

ஹெட்விக்: உன்னோட மாரடிக்கவே எனக்குச் சரியா இருக்கு! போன புத்தகத்துல காய்ச்சல்ல போனவன் எழுந்து கஞ்சி கேட்டான். அதுக்கு முந்தினதுல மூழ்கின படகு கரை சேர்ந்துச்சு...

மேர்த்தா: இரு, இரு... அதெல்லாம் உனக்குத் தெரியுமா?

ஹெட்விக்: என் புத்தகத்தை நான் படிக்க மாட்டேனா?

மேர்த்தா: அப்பல்லாம் வாயை மூடிட்டு இருந்தே. இன்னிக்கு மட்டும் ஏன் இந்தக் கத்தல்?

ஹெட்விக்: அந்தக் காப்பியை இப்படித் தள்ளு.

மேர்த்தா: சொல்லு ஹெட்விக்.

ஹெட்விக்: அந்த ஏரியில போனது ஸ்டீனா இல்லடி. என் தம்பி. ஏழு வயசு.

மேர்த்தா: ஐயோ... இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னியா நீ? குடு அந்த நோட்டை. உள்ளது உள்ளபடியே அடிச்சுடறேன்.

ஹெட்விக்: வேண்டாம். அன்னிக்கு அவன் கழுத்துல பனிக்குத்தியை மாட்டிவிட வேண்டியவ நான். மாட்டல. கதையில மாட்டலாம்னு உட்கார்ந்தாலும் கை வரல... நீ மாட்டிட்டே. அச்சகத்து ஆள்கிட்ட உன் பக்கத்தையே குடுத்துடு.