உப்பளத்துக்காரர் விட்ட கொட்டாவி

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண், மடியில் காலித் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கோட்டக்குப்பத்தில் தெரிந்தவள் ஒருத்தி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"அக்கா, எங்க வூட்டுக்காரரு இன்னிக்குக் கொட்டாவி விட்டாரு!"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"நெஜமாவா? வாய் தொறந்துடுச்சா?"

"பாதி தொறந்துச்சு. இனிமே பயம் இல்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"ஆணி குத்துனது காலுல. வாய் எப்படிம்மா பூட்டிக்கிச்சு?"

"நானும் அதத்தான் கேட்டேன். கிருமி குத்துன எடத்துலயே கெடக்குமாம். அது கக்குற விஷம்தான் நரம்பு வழியா ஏறித் தாடைய இழுத்துடுமாம். நரம்புல ஒட்டுனத மருந்தால எடுக்க முடியாதாம். அதுவா விடுற வரைக்கும் காத்திருக்கணுமாம்."

"அன்னிக்கே ஒரு ஊசி போட்டிருக்கலாம்."

"சொன்னேனே! 'நாள் முழுக்க உப்புத் தண்ணியில நிக்கிறேன், இதுல எந்தக் கிருமிடி பொழைக்கும்?'னு கேட்டாரு."

"இப்ப என்ன சொல்றாரு?"

"கஞ்சியில உப்பு இல்லன்னு திட்டுறாரு. பல்லக் கடிச்சிக்கிட்டேதான். ஆனா ஒவ்வொரு வார்த்தையும் புரியுதுக்கா."

ஜன்னலுக்கு வெளியே உப்பளம் வந்துவிட்டது. பாத்திகளின் கரையெல்லாம் வெள்ளைக் குவியல்.

"அவசரத்துல போட மறந்துட்டியா?"

"இன்னிக்கு மறந்துட்டேன். நாளைக்கு வேணும்னே போடாமத்தான் எடுத்துட்டுப் போவேன்."