அக்காவின் முகத்தை நான்தான் படம் பிடித்தேன்

பீரங்கிச் செல் விழுகிறது. ஓடுகிறோம். மறுபடியும் விழுகிறது. "படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" யாரோ கத்துகிறார்கள். படுக்கிறேன். வாயெல்லாம் மண்.

இரண்டாயிரமாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி. காலை பத்தேகால். முதலில் தூரத்தில் 'தும்'. ஏழு எண்ணும்வரை அமைதி. பிறகு கூவல். நான்காவது செல் பள்ளிக்கூடத்தில் விழுந்தது. என் அக்கா மலர் இடம்பெயர்ந்து தன் பிள்ளைகள் இருவரோடும் அங்கேதான் தங்கியிருந்தாள். செல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? தெரியாது. மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தவனுக்குத் திசை தெரியாது.

நான் கல்யாண வீடியோக்காரன். ஓடும்போதும் கமராவை விடவில்லை. அதைக் கண்ட போராளி இயக்கத்துக்காரர் ஒருவர் படம் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அக்கா கிடந்தாள். சேலைத் தலைப்பு முகத்தை மூடியிருந்தது.

"சீலையை விலத்திப்போட்டு எடும், தம்பி."

விலக்கினேன். எடுத்தேன். கை நடுங்கவில்லை. அந்தக் கையை நினைத்தால் இன்றும் அருவருப்பு.

நான்கு வருடம் கழித்து, மஸ்கட். ரூவிப் பகுதியில் ஒரு வீடியோ கடை. பழைய டேப்புகளை டிவிடியாக மாற்றுவது என் டூட்டி. வயதான ஜெர்மன் எஞ்சினியர் ஒருவர் டேப் ஒன்று கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவர் நாட்டு அரசு எடுத்த பிரசாரப் படம். கமரா பிடித்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர்.

ஓடவிட்டேன். அவர்கள் படை பிடித்த ஓர் ஊரின் சிறை முற்றம். வரிசையாகப் பிணங்கள். பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தேடுகிறார்கள். ஒரு தாய் அடையாளம் காண்கிறாள். கமரா அவளை நெருங்குகிறது. யாரோ ஒரு கை பிணத்தின் துணியை விலக்குகிறது. இசை உயர்கிறது. ஒரு குரல் முழங்குகிறது.

கூட வேலை செய்த புதுக்கோட்டை முருகேசன் கேட்டான்: "செத்தவங்க நெசந்தானேண்ணே? அப்ப இதுல பொய் எங்க இருக்கு?"

எஞ்சினியரிடம் கேட்டேன். கொன்றது கம்யூனிஸ்டுகள்தான், அது உண்மை என்றார். ஆனால் படத்தின் குரல் அந்த ஊர் யூதர்கள்மேல் பழி போடுகிறது. அந்தப் பிணங்களைக் காட்டியே ஊர்ச்சனத்தைத் தூண்டிவிட்டு, யூதர்களைத் தெருவில் இழுத்து அடித்துக் கொன்றார்கள். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டேப்பை நிறுத்தினேன். நானும் இப்படிப் பிடித்தவன்தான் என்றேன்.

நான் எடுத்ததை இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். இயக்கத்தின் வீடியோவில் ஒருதரம். அரசுப் பக்கத்துத் தொலைக்காட்சியில் ஒருதரம். இராணுவம் கொன்றது என்றது ஒரு குரல். இயக்கம் கொன்றது என்றது மற்றது. இரண்டிலும் அக்காவின் திறந்த முகம். இரண்டிலும் அவள் பெயர் இல்லை.

நான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் இறந்தவர்கள் பதினொரு பேர். அதில் மலர், முப்பத்துநான்கு வயது. அவள் மகள் துளசி, ஆறு வயது. மகன் குமரன் தப்பினான். பதினாறு வயது. அந்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டார்கள். அவனும் பார்த்தான். தாயைப் பார்த்தான். அடுத்த கிழமை இயக்கத்தில் சேர்ந்தான். சண்டையில் செத்தான். உடல்கூட வரவில்லை.

பன்னிரண்டு பேர்.